பத்து மாத அட்வான்ஸ்

சைதாப்பேட்டையில் எங்கள் முதல் வீட்டுக்குக் கொடுத்த அட்வான்ஸ் 1,500 ரூபாய். வருடம் 1986. வாடகை 300, அட்வான்ஸ் ஐந்து மாதம். என் மனைவி கழுத்தில் கிடந்த ஒரு பவுன் செயினை விற்றுத்தான் அதைக் கட்டினோம். அன்று பவுன் இரண்டாயிரத்துக்கும் கீழே. கடைக்காரர் தேய்மானம், கழிவு என்று பிடித்ததுபோகக் கையில் நின்றது அந்த 1,500தான். ஆறு வருடம் கழித்து 1992-இல் காலி செய்தபோது, வெள்ளையடிக்க 200 பிடித்துக்கொண்டு மிச்சம் 1,300 ரூபாயை வீட்டுக்காரம்மா எண்ணிக் கொடுத்தார். அதை எடுத்துக்கொண்டு நேராக அதே நகைக்கடைக்குப் போனோம். பவுன் மூவாயிரத்தைத் தாண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது அரைப் பவுனுக்கும் காணாது. இன்றைய பவுன் விலையைச் சொல்லி உங்கள் காலைப்பொழுதைக் கெடுக்க விரும்பவில்லை.

சென்னையில் வாடகை ஏறிய கதையை எல்லோரும் வாடகையை வைத்தே சொல்கிறார்கள். முந்நூறு கொடுத்தோம், முப்பதாயிரம் கொடுக்கிறோம் என்று. எனக்கென்னவோ அட்வான்ஸை வைத்துச் சொல்வதுதான் சரியென்று படுகிறது. வாடகை, குடியிருந்ததற்குக் கொடுத்த காசு. போனது போனதுதான். அட்வான்ஸ் அப்படியில்லை. அது நம் பணம். பெயருக்கு நம் பணமாக இருந்துகொண்டு இன்னொருவர் வீட்டில் வளரும். நம்மிடம் திரும்பி வரும்போது மட்டும் இளைத்துப்போய் வரும்.

அந்த வீடு காரணீஸ்வரர் கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அதைக் கண்டுபிடித்ததே ஒரு கதை. அப்போதெல்லாம் வீடு தேடுவது ஞாயிற்றுக்கிழமை வேலை. வாடகை சைக்கிள் எடுத்துக்கொண்டு தெருத்தெருவாகப் போக வேண்டும். கேட்டில் கட்டியிருக்கும் அட்டையில் கரியாலோ சாக்பீஸாலோ 'டு-லெட்' என்று எழுதியிருக்கும். சில அட்டைகளில் அது 'டுலட்' ஆகவும் இருக்கும். அட்டை தொங்காத வீடுகளைப் பற்றித் தெரிந்துகொள்ள இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்க வேண்டும். எந்த வீட்டில் எந்தக் குடித்தனம் எப்போது கிளம்பப் போகிறது என்று வீட்டுக்காரருக்குத் தெரிவதற்கு முன் அவருக்குத் தெரிந்திருக்கும். நான் போனது ஆடி மாதம். ஆடியில் யாரும் வீடு மாற மாட்டார்கள் என்பதால் அந்த மாதம் காலியாகக் கிடக்கும் வீட்டில் பேரம் படியும். ஆடித் தள்ளுபடி துணிக்கு மட்டுமல்ல, வீட்டுக்கும் உண்டு. 325 சொன்னதை 300-க்குப் பேசி முடித்து, ஆவணி முதல் வாரம் பால் காய்ச்சினோம்.

தெரு வாசலில் நுழைந்தால் நீளமாக ஒரு நடை. இடது கைப் பக்கம் வரிசையாக நான்கு போர்ஷன். நடை முடியும் இடத்தில் அடி பம்பு, இரண்டு கக்கூஸ், ஒரு குளியலறை. எங்கள் போர்ஷன் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை, அதை ஒட்டிச் சமையலுக்கு ஒரு தடுப்பு. இன்றைய பிள்ளைகள் ஒண்டுக் குடித்தனம் என்றால் என்ன என்று கேட்டால், 1968-இல் கே. பாலசந்தர் எடுத்த 'எதிர் நீச்சல்' படத்தைப் போட்டுக் காட்டலாம். அந்தப் படத்தில் வருவது போலவே எங்கள் வீட்டிலும் ஒருவர் இருமினால் நான்கு வீட்டுக்கும் தெரியும்.

வீட்டுக்காரம்மாவை எல்லோரும் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவோம். கணவர் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. அந்த வீட்டு வாடகைதான் அவருக்கு வருமானம். கரண்டுக்குத் தனி மீட்டர் கிடையாது. ஒரு பல்பு, ஒரு ஃபேனுக்கு மாதம் 15 ரூபாய். ரேடியோ இருந்தால் இரண்டு ரூபாய் கூட. இஸ்திரிப் பெட்டி கரிப்பெட்டியாக இருக்கலாம், கரண்டுப் பெட்டி கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. ஊரிலிருந்து யாராவது வந்து மூன்று நாளுக்கு மேல் தங்கினால், "என்னப்பா, உங்க மாமனாரு இங்கயே செட்டிலாயிட்டாரா?" என்று நடையில் நின்றபடி கேட்பார். தண்ணீர்க் கணக்குதான் அதன் உள்ளர்த்தம். ஒண்ணாந்தேதி மாலை அவர் ஒரு நீளமான நோட்டை எடுத்துக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிடுவார். நாங்கள் பணத்தைக் கொடுக்க, பெயருக்கு நேரே ஒரு டிக் போடுவார். ரசீது அதுதான், அதுவும் அவரிடமே இருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' ஆரம்பித்தால் நான்கு வீட்டுப் பிள்ளைகளும் அவர் கூடத்தில்தான். என் மனைவிக்கு முதல் பிரசவ வலி வந்தபோது ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டவரும் அவர்தான். நான் அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முன் போர்ஷனில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருந்தார். அறுபதுகளில் குடிவந்தவர், வாடகை 60 ரூபாய். எங்களுடையதைவிடப் பெரிய போர்ஷனுக்கு 60. அவருக்கும் பெரியம்மாவுக்கும் வழக்கு நடந்துகொண்டிருந்தது. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனால் மாதாமாதம் ஒரு கூத்து நடக்கும். ஐந்தாம் தேதி வாக்கில் தபால்காரர் வருவார். வாத்தியார் தெருமுனைத் தபாலாபீசில் கட்டிய மணியார்டர், பத்தடி தள்ளியிருக்கும் பெரியம்மாவுக்கு வந்து சேரும். பெரியம்மா "வேணாம், திருப்பி அனுப்பு" என்பார். வாத்தியார் அதைக் கொண்டுபோய்க் கோர்ட்டில் கட்டுவார்.

இரண்டு பேருக்கும் கிறுக்கு என்று நான் அப்போது நினைத்தேன். இல்லை, சட்டம் அப்படி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வீட்டுக்குப் பஞ்சம் வந்தபோது உத்தரவாக வந்த வாடகைக் கட்டுப்பாடு, பிறகு 1946, 1949, 1960 என்று மூன்று தடவை சட்டமானது. வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுத்தால் எந்த வங்கியில் கட்டட்டும் என்று கேட்டு நோட்டீஸ் விட வேண்டும், பதில் இல்லையென்றால் மணியார்டர் அனுப்ப வேண்டும், அதையும் மறுத்தால் வாடகைக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் கட்ட வேண்டும் என்று 1960-ஆம் வருடச் சட்டம் வழி சொல்லியிருந்தது. மணியார்டர் கமிஷனைக்கூட வாடகையிலேயே கழித்துக்கொள்ளலாம். இதை ஒழுங்காகச் செய்துவந்தால், வேண்டுமென்றே பாக்கி வைத்தார் என்று சொல்லி யாரும் வெளியேற்ற முடியாது. நியாய வாடகை கணக்கிடவும் அதில் வழி இருந்தது. குடியிருப்பென்றால் கட்டடத்தின் மொத்த மதிப்பில் ஆண்டுக்கு 9 சதவீதம், கடையென்றால் 12. சென்னையில் இந்த வழக்கெல்லாம் சிறு வழக்குகள் நீதிமன்றத்தில். சிறு வழக்கு என்று பெயர்தான், ஆயுசு பெரிது.

பெரியம்மா பக்கமும் நியாயம் உண்டு. அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டு ஒழுகும் மெட்ராஸ் டெரஸை யார் பழுது பார்ப்பார்கள்? பார்க்கவில்லை. மழைக்காலத்தில் வாத்தியார் வீட்டில் மூன்று இடத்தில் பாத்திரம் வைத்திருப்பார்கள். பழைய குடித்தனத்திடம் கிடைக்காததைப் புதிய குடித்தனத்திடம் வாங்கினார் பெரியம்மா. சட்டம் வாத்தியாருக்குக் கொடுத்த நிழலுக்கு நாங்கள் மூன்று குடித்தனக்காரர்கள் சேர்ந்து காசு கட்டினோம். இன்னும் பலர் இந்த வம்பே வேண்டாம் என்று வீட்டைப் பூட்டிப் போட்டிருந்தார்கள். குடித்தனக்காரரைக் காக்க வந்த சட்டம், வீடு தேடி வருகிறவரைத் தெருவில் சைக்கிள் மிதிக்க விட்டது.

அதே சட்டத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருந்தன. வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. ஒன்று, மாத வாடகை 400 ரூபாயைத் தாண்டிய குடியிருப்புக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. நானூறு கொடுக்கிறவர் வசதியானவர், அவரைச் சட்டம் காக்க வேண்டியதில்லை என்ற எண்ணம். நாங்கள் சைதாப்பேட்டையில் பால் காய்ச்சிய அதே 1986-இல்தான் உச்ச நீதிமன்றம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளியது. இரண்டாவது விஷயம் என்னைக் கொஞ்சம் உலுக்கியது. ஒரு மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது. அதற்கு மேல் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தரவோ வாடகையில் கழிக்கவோ வேண்டும். 1996-இல் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில், கூடுதல் அட்வான்ஸ் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது அதைப் பாக்கிக்கு நேர்செய்யாமல் குடித்தனக்காரரைப் பாக்கிக்காரர் என்று சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றமும் சொன்னது. ஊர் முழுக்க ஐந்து மாதம், பத்து மாதம் என்று வாங்கிக்கொண்டிருந்தபோது சட்டப் புத்தகத்தில் ஒரு மாதம் என்று அச்சடித்துக் கிடந்திருக்கிறது. என் மனைவியிடம் சொன்னேன். "அப்ப என் செயின்ல நாலு மாசம் சும்மா போயிருக்கு" என்றாள். கணக்கில் அவள் எப்போதும் என்னைவிடக் கெட்டி.

1992-இல் வேளச்சேரிக்குப் போனோம். வாடகை 800, தனிக் கக்கூஸ், தனி மீட்டர். அட்வான்ஸ் பத்து மாதம். ஐந்து எப்போது பத்தானது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "இங்க எல்லாருமே பத்துதாங்க" என்றார் வீட்டுக்காரர், ஏதோ சாமி குத்தம் ஆகிவிடும் என்பது போல. அன்று வங்கியில் நிரந்தர வைப்புக்கு 12 சதவீதம் போல வட்டி கிடைத்தது. பத்து மாத வாடகைக்கு 12 சதவீத வட்டி என்றால், வருடத்துக்கு ஒரு மாத வாடகைக்கும் மேலே. அதாவது பன்னிரண்டு மாதம் குடியிருந்து பதின்மூன்று மாத வாடகை கொடுத்தோம். பதின்மூன்றாவது மாதம் எந்த நோட்டிலும் ஏறவில்லை, அவ்வளவுதான்.

இந்த வட்டிக் கணக்கை வெளிப்படையாகவே போடுகிற வழக்கம் வடசென்னையில் உண்டு. போகியம் என்பார்கள், லீஸ் என்றும் சொல்வார்கள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, பெரும்பாலும் மூன்று வருடத்துக்கு வாடகையே இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது முழுப் பணமும் திரும்பும். வட்டிதான் வாடகை. வட்டி 12 சதவீதமாக இருந்தபோது ஒரு லட்சம் கொடுத்தால் வீட்டுக்காரருக்கு மாதம் ஆயிரம் வந்த மாதிரி. வட்டி ஏழாக இறங்கிய பிறகு அதே லட்சத்துக்கு அறுநூறுகூடத் தேறாது. அதனால் தொகை ஏறிக்கொண்டே போகிறது. பெரம்பூரில் எட்டு லட்சம், பத்து லட்சம் என்று கேட்கிறார்கள். தெரிந்த குடும்பம் ஒன்று, நிலத்தை விற்ற பணத்தை அப்படியே போகியத்துக்குக் கொடுத்தது. பிறகுதான் அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் என்று தெரிந்தது. போகியத்துக்குப் போகிறவர்கள் முதலில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். கட்டுரையின் நடுவில் அறிவுரை சொல்வது அழகில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

2000-இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தார்கள். அதுவரை ஊர்ச் சம்பளத்தைப் பார்த்து ஏறிக்கொண்டிருந்த வாடகை, அதற்குப் பிறகு டாலரைப் பார்த்து ஏறியது. பழைய மகாபலிபுரம் சாலை ராஜீவ் காந்தி சாலை ஆகி, எல்லோர் வாயிலும் ஓ.எம்.ஆர். ஆனது. எங்கள் வேளச்சேரி வீட்டுக்காரர் ஒருநாள் வந்து, "நாலு பசங்க சேர்ந்து வர்றாங்க சார், தலைக்கு மூவாயிரம் தர்றாங்க" என்றார். நாங்கள் அப்போது கொடுத்தது மொத்தமாக நாலாயிரம். அவரைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் மேடவாக்கத்துக்கு நகர்ந்தோம். அங்கே வீட்டுக்காரர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: ஆபீசில் எச்.ஆர்.ஏ. காட்டுவதற்கு ரசீது கேட்கக் கூடாது. வாடகை வருடத்துக்கு ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண் தர வேண்டும் என்ற விதி பின்னால் வந்தபிறகு, வாடகை வீடு கிடைப்பதைவிட பான் எண் கிடைப்பது கஷ்டமானது.

2007-இல் இப்படி ஊர் மாறிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு குடும்பம் ஒரு மாதத்துக்குள் வீடு தேடி அலைவதைத்தான் செழியன் 'டூ லெட்' படமாக எடுத்தார். அதற்கு வெகுகாலம் முன்னால் பாலு மகேந்திரா எடுத்த 'வீடு' படத்திலும் கதை வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வதில்தான் தொடங்குகிறது. ஆனால் 1988-இன் கதாநாயகி, வாடகைக்கு வீடு கிடைக்காமல் சொந்த வீடு கட்ட இறங்குகிறாள். பின்னால் வந்த படத்தில் அந்த நினைப்புக்கே இடமில்லை. இரண்டையும் அடுத்தடுத்து பார்த்தபோது எனக்கு உறைத்தது இதுதான்.

வீடு பார்க்கப் போனால் நாங்கள் கேட்கும் முதல் கேள்வி, "தண்ணி வருமா?" 2003-இல் கேட்டபோது அதற்கு, குழாயில் வருமா, போரில் வருமா, லாரிதானா என்று அர்த்தம். 2015 டிசம்பருக்குப் பிறகு அதே கேள்விக்கு, மழை பெய்தால் வீட்டுக்குள் வருமா என்று அர்த்தம். முடிச்சூர், வேளச்சேரி, மணப்பாக்கம் பக்கம் தரைத்தள வீடுகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்தன. அதுவரை தரைத்தளத்துக்குத்தான் மவுசு, வயதானவர்கள் படியேற வேண்டாம் என்று. 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது கேள்வி பழைய அர்த்தத்துக்கே திரும்பியது. 2023 டிசம்பர் புயலில் பள்ளிக்கரணை மிதந்தபோது மறுபடியும் மாறியது. ஒரே ஊரில் ஒரே கேள்விக்கு இரண்டு அர்த்தம்.

பழைய சட்டமும் போய்விட்டது. 2017-இல் நிறைவேறிய புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. 'டூ லெட்' தியேட்டருக்கு வந்ததும் அதே மாதம்தான். புதிய சட்டத்தில் நியாய வாடகை என்ற பேச்சே இல்லை. இருவரும் ஒப்புக்கொண்டதுதான் வாடகை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. இதோடு நிறுத்தியிருந்தால் கும்பிட்டிருப்பேன். 'வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தாலொழிய' என்று ஒரு வாலையும் சேர்த்துவிட்டார்கள். வேறுவிதமாக ஒப்பந்தம் போடாத வீட்டுக்காரர் யாரையாவது நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அன்று ஒரு மாதம் என்று கண்டிப்பாகச் சொன்ன சட்டத்தை ஊர் மதிக்கவில்லை. இன்று சட்டம் ஊரை மதித்து ஒதுங்கி நிற்கிறது.

2024 ஆடியில் என் மகள் பெருங்குடியில் வீடு பார்த்தாள். சைக்கிள் இல்லை, இஸ்திரி வண்டிக்காரர் இல்லை. செல்பேசியில் ஒரு செயலி. அதில் குடும்பமா, பேச்சிலரா, சைவமா என்று ஆரம்பத்திலேயே பிரித்துவைத்திருக்கிறார்கள். பெரியம்மா எங்களிடம் "நீங்க என்ன ஆளுங்க?" என்று நேராகக் கேட்டார். இன்று அப்படி யாரும் கேட்பதில்லை. "வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" என்று மென்மையாகக் கேட்கிறார்கள். கேள்வி அதேதான். மகளுக்குத் தெரிந்த ஒரு முஸ்லிம் பெண், நல்ல வேலையில் இருப்பவள், ஃபோனில் பெயரைச் சொன்னதும் "வீடு போயிடுச்சும்மா" என்ற பதிலை எத்தனை தடவை கேட்டாள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டாளாம்.

நானும் கூடப் போனேன். ஏழாவது மாடி, இரண்டு படுக்கையறை. புரோக்கர் பத்து நிமிடம்தான் கொடுத்தார். "கீழ இன்னும் ரெண்டு பார்ட்டி வெயிட் பண்றாங்க மேடம்" என்று லிஃப்டைக் காட்டினார். அவருக்குக் கூலி ஒரு மாத வாடகை. வீட்டுக்காரர் டல்லாஸில் இருந்தார். மறுநாள் காலை ஆறரை மணிக்கு வீடியோ அழைப்பில் வந்தார். நல்ல பையன், "அங்கிள்" என்றுதான் பேசினான். வாடகை 32,000, மெயின்டனன்ஸ் 4,500 தனி. அட்வான்ஸ் பத்து மாதம் என்று தொடங்கி, என் மகள் விடாமல் பேசியதில் ஆறுக்கு இறங்கி வந்தான். ஓ.எம்.ஆர். பக்கம் இப்போது ஐந்து ஆறு என்றே முடிகிறது என்றார் புரோக்கர். வாடகையைத் தன் கணக்கில் போட வேண்டாம், குரோம்பேட்டையில் இருக்கும் அம்மா கணக்கில் போடுங்கள் என்றான். காரணம் பிறகு புரிந்தது. வெளிநாட்டில் வசிக்கும் வீட்டுக்காரருக்கு வாடகை கொடுத்தால், 30 சதவீதத்துக்கு மேல் வரி பிடித்து அரசுக்குக் கட்டுவது குடித்தனக்காரரின் பொறுப்பு. கட்டாவிட்டால் நோட்டீஸ் குடித்தனக்காரருக்குத்தான் வரும்.

அந்தப் பையனும் கஷ்டத்தைச் சொன்னான். வீட்டுக்கு வாங்கிய எழுபது லட்சம் கடனுக்கு மாதம் அறுபதாயிரம் தவணை கட்டுகிறான். வாடகை அதில் பாதிதான். பெரியம்மா அந்த வாடகையில் சாப்பிட்டார். இவன் கையிலிருந்து போட்டு வீட்டைக் காப்பாற்றுகிறான், விலை ஏறும் என்ற நம்பிக்கையில். வாடகை ஏறிவிட்டது என்று நாம் அலறுகிறோம், போதவில்லை என்று அவர்கள் அலறுகிறார்கள். இரண்டும் உண்மை. மனை விலை போன வேகத்துக்கு வாடகை போகவில்லை.

ஆறு மாத அட்வான்ஸ் என்றால் 1,92,000 ரூபாய். இந்தத் தடவை யார் கழுத்திலிருந்தும் செயின் போகவில்லை. மருமகன் செல்பேசியிலேயே பர்சனல் லோன் எடுத்தார், 14 சதவீத வட்டியில். அரை மணி நேரத்தில் பணம் கணக்குக்கு வந்துவிட்டது. முதல் மாத வட்டியே இரண்டாயிரத்துக்கு மேல். வட்டியில்லாமல் ஒருவரிடம் கொடுத்துவைக்க, வட்டிக்கு வாங்கிய பணம். எங்கள் காலத்தில் நகை இளைத்தது, இவர்கள் காலத்தில் சம்பளம் இளைக்கிறது.

ஒப்பந்தம் பதினான்கு பக்கம். வழக்கம்போல் பதினொரு மாதத்துக்கு. ஒரு வருடத்துக்குக் குறைவாக இருந்தால் பத்திரப் பதிவு வேண்டாம் என்ற பழைய கணக்கு இன்னும் போகவில்லை. ஒன்பதாவது பக்கத்தில் பார்த்தேன்: சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. பெரியம்மாவுக்கும் டல்லாஸ் பையனுக்கும் இடையில் மாறாமல் வந்திருக்கும் ஒரே விதி அதுதான். எங்கள் சாமி படங்கள் சைதாப்பேட்டையில் ஜன்னல் கம்பியில் கயிறு கட்டித் தொங்கின. மகள் வீட்டில் ஒட்டும் கொக்கியில் தொங்குகின்றன.

எது நல்லது என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை. என் மகள் ராத்திரி பதினொரு மணிக்கு வேலையிலிருந்து வந்து, தன் சாவியைப் போட்டுத் திறந்து, விளக்கைப் போட்டுக்கொள்கிறாள். நடையில் செருமுவதற்கு ஆள் இல்லை. நான்கு குடும்பத்துக்கு இரண்டு கக்கூஸ் வைத்த அந்த வீட்டை நினைத்து ஏங்குகிறவர்கள் அங்கே குடியிருந்திருக்க மாட்டார்கள். சம்பளக் கணக்கிலும் நான் 950 வாங்கி அதில் 300 வாடகை கொடுத்தேன், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அவர்கள் இரண்டு பேர் சம்பாதிப்பதில் நாலில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே போகிறது. புலம்ப நியாயமில்லை.

ஆனால் அவள் வீட்டில் வேலைக்கு வரும் அம்மாவுக்கு அந்தக் கணக்கு இல்லை. அவர் பெரும்பாக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறார். முன்பு சைதாப்பேட்டையில் அடையாற்றங்கரையில் குடிசை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அங்கிருந்து கிளப்பிக் கொண்டுபோய்விட்ட குடும்பங்களில் ஒன்று. நான் குடியிருந்த சந்துக்குப் போன மாதம் போய்ப் பார்த்தேன். நான்கு போர்ஷன் இருந்த இடத்தில் தூண்மேல் நிற்கும் எட்டு ஃபிளாட். கீழே கார்கள். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும் ஒருவன், ஒற்றைச் சம்பளத்தில், வேலைக்கு நடந்துபோகும் தூரத்தில் இருக்க ஒரு மோசமான வீடாவது அன்று இருந்தது. மோசமான வீடுகளை இடித்துவிட்டோம். அந்த வாடகைக்கு நல்ல வீடு எதையும் அங்கே கட்டவில்லை. ஊரின் நடுவிலிருந்து காணாமல்போனது அந்த வாடகைதான். கூடவே அந்த ஆட்களும்.

மகள் அடுத்த ஆவணிக்குள் காலி செய்யலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறாள். பதினான்கு பக்க ஒப்பந்தத்தை மறுபடி எடுத்துப் படித்தோம். பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை பிடிக்கப்படும் என்று இருக்கிறது, 32,000 ரூபாய். ஒரு வருடத்தில் அந்தச் சுவருக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியவில்லை, ஆணிகூட அடிக்கவில்லை.

வீடு தேடிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பேரத்தை வாடகையில் மட்டும் வைக்காதீர்கள், அட்வான்ஸில் வையுங்கள். மூன்று மாதம் என்று சட்டம் சொல்வதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பத்து ஆறாகும். பெயின்டுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்று எழுதி வாங்குங்கள். சாவி வாங்கும் அன்று சுவர்களைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கு அனுப்பி வையுங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மிச்ச அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும் என்று புதிய சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியை உங்கள் ஒப்பந்தத்திலும் எழுதச் சொல்லுங்கள்.